பெஸ்ஸியின் அடுக்களை

ஸ்டெய்த்ஸ் என்ற மீனவ ஊரில் ஹில்டா லோமாக்ஸைப் பற்றிப் பேச்சு வந்தால், கடலை வரையாத ஓவியக்காரி என்றுதான் சொல்வார்கள். கோடையில் வந்து தங்கும் ஓவியர்கள் எல்லாரும் படகுத்துறையில் வரிசையாக உட்கார்ந்து பாறையையும் படகையும் வெள்ளைக் குல்லாய் போட்ட பெண்களையும் வரைந்து தள்ளிக்கொண்டிருப்பார்கள். இவள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். மேசைமேல் ஒரு கூஜா, இரண்டு பேரிக்காய், மடித்துப் போட்ட ஒரு துணி. இல்லாவிட்டால் ஆளில்லாத ஓர் அறை, திறந்திருக்கும் ஒரு ஜன்னல். ஊருக்கு வந்த நாள் முதல் இதுதான் அவள் வேலை.

"வாசலத் தொறந்தா கடல் கெடக்கு. அத விட்டுட்டு டீ கெண்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே இந்தம்மா" என்று மீன்காரர்கள் சிரிப்பார்கள். முகத்துக்கு நேரே கேட்டவர்களிடம், "கடல் ஒரு நிமிஷம் சும்மா இருக்காதே, கெண்டி இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அவள் லீட்ஸ் நகரத்தில் பிறந்து அங்கேயே ஓவியம் படித்தவள். யுத்தத்துக்கு முன்பு ஒரு கோடைக்காக இங்கே வந்தவள் திரும்பிப் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி வருத்தப்பட்டதாகவும் யாருக்கும் தெரியாது. வருஷத்துக்கு நாலைந்து படம் விற்கும். பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் பிள்ளைகளுக்குப் படம் போடச் சொல்லிக்கொடுப்பாள். ஒண்டியாளுக்கு அது போதுமானதாக இருந்தது.

எதிர் வீடு பெஸ்ஸி வெரிலுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடும் சந்தில் எதிரெதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். ஜன்னலில் இருந்தபடியே கையை நீட்டி ரொட்டி, முட்டை, சுடச்சுட ஒரு கிண்ணம் சூப் என்று இரண்டு பெண்களும் கைமாற்றிக்கொள்வார்கள். பெஸ்ஸி ஹில்டாவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். மீனவர் வீட்டில் பிறந்து மீனவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். குழந்தை இல்லை. புருஷன் ஐசக் நெஞ்சில் சளி கட்டி ஒரு பிப்ரவரியில் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவனுடைய படகை அண்ணன் மகன் எடுத்துக்கொண்டான்.

ஹில்டாவுக்கு ஐம்பத்தைந்து வயது நடக்கும்போது, யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. லீட்ஸில் ஒரு கலைக்கூடத்தார் அவளுடைய படங்களுக்கென்றே ஓர் அறையை ஒதுக்கி, நவம்பரில் கண்காட்சி வைப்பதாகச் சொன்னார்கள். படங்களைத் தேர்ந்தெடுக்க டெஸ்மண்ட் ஹால்டேன் என்பவர் வந்தார். ஒல்லியான மனிதர், நல்ல மாதிரி. சந்தின் வழுக்கும் கல்லில் இரண்டு தடவை விழப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

மாடியறையில் சுவரோரம் திருப்பி வைத்திருந்த படங்களை ஹில்டா ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாள். ஹால்டேன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிலதைத் தனியே எடுத்து வைத்தார், சிலதைத் திரும்பச் சாய்த்தார். சாயங்காலத்துக்குள் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, மிஸ் லோமாக்ஸ். ஆனா கதவுக்கு நேர் எதிர்ச் சுவர் பெருசு. உள்ள வர்றவங்கள அப்படியே நிக்க வைக்கிற மாதிரி ஒரு படம் அங்க வேணும். யாருக்காவது குடுத்தது, வித்தது, ஏதாவது ஞாபகத்துல இருக்கா?"

ஹில்டா தூரிகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தினாள்.

"ஒண்ணு இருக்கு" என்றாள். "எதிர் வீட்டுல."

அது தன்னுடைய படங்களிலேயே சிறந்தது என்று அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு குளிர்காலத்தில் புயல் அவள் வீட்டுக் கூரையில் பாதி ஓடுகளைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பெஸ்ஸிதான், "என் அடுக்களையில வந்து வரைஞ்சுக்கோ, அடுப்பும் எரியுது" என்று கூப்பிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஹில்டா அங்கே உட்கார்ந்து அந்த மேசையை வரைந்தாள். மெழுகுத்துணி விரித்த மேசை, ஒரு பழுப்புக் கெண்டி, நீல விளிம்பு போட்ட ஒரே ஒரு வெள்ளைக் கோப்பை. கெண்டிக்கு இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. ஜன்னலிலிருந்து விழும் சாம்பல் வெளிச்சம் மட்டும் மெழுகுத்துணியின் மேல் அகலமாகப் படுத்திருக்கும். அந்தக் காலியிடத்தைச் சரியாகக் கொண்டுவரத்தான் அவளுக்கு அத்தனை வாரம் பிடித்தது. வரைந்து முடித்ததும், அடுக்களை கொடுத்ததற்கு நன்றியாகப் படத்தைப் பெஸ்ஸிக்கே கொடுத்துவிட்டாள். அதை அவர்கள் முன்னறையில் மாட்டியிருந்தார்கள். ஐசக் போன பிறகு பெஸ்ஸி அதைக் கழற்றிப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விட்டாள். அதோடு சரி, ஹில்டா அதைப் பார்க்கவே இல்லை. பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று அப்போது மனசுக்குள் லேசாக வலித்தது. ஆனால் கேட்கவில்லை.

ஹால்டேனை பஸ் ஏற்றிவிட்டு வந்த கையோடு அவள் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாள். பெஸ்ஸி மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"பெஸ்ஸி, அந்த அடுக்களைப் படம் இருக்கே, லீட்ஸ் கண்காட்சிக்குக் கேக்கறாங்க. கொஞ்ச நாளைக்குக் குடேன். பத்திரமா திருப்பிக் கொண்டாந்து குடுத்துருவாங்க."

பெஸ்ஸி கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள். "அது மேல பீரோவுக்குப் பின்னால கெடக்குடி. இடுப்புப் பிடிப்பு கொஞ்சம் விடட்டும், எடுத்துத் தரேன்."

"நான் வந்து எடுத்துக்கறேனே."

"நீ ஒண்ணும் ஏற வேண்டாம். படிக்கட்டு ஆடுது."

அந்தப் படிக்கட்டு ஆடி ஹில்டா கேள்விப்பட்டதே இல்லை. சரி என்று விட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது ஆணி துருப்பிடித்துச் சுவரோடு இறுகிக்கிடப்பதாகப் பெஸ்ஸி சொன்னாள். பீரோவுக்குப் பின்னால் கிடந்த படம் எப்போது ஆணிக்கு ஏறியது என்று ஹில்டா யோசித்தாள். அடுத்த தடவை கேட்டதற்கு, "லீட்ஸ் வரைக்கும் போயி ஒடஞ்சு கிடஞ்சு வந்தா நான் என்ன பண்றது?" என்றாள்.

"கண்ணாடியே போடாத படம் எப்படிடி ஒடையும்?"

"எனக்கென்ன தெரியும்? லாரியில போற சாமான் எதுவும் உருப்படியா வந்து நான் பாத்ததில்ல" என்று சொல்லிப் பெஸ்ஸி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

ரொட்டிக் கடையில் பாலி தியேக்கர் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தாள். ஊரில் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு விளக்கம் உண்டு. "வித்துட்டாளோ என்னமோ. போன வருஷம் விட்பியிலேருந்து பழைய சாமான் வாங்கறவன் ஒருத்தன் வீடு வீடா வந்தானே, ஞாபகம் இல்லையா? மெத்தடிஸ்ட் கோயில் கடிகாரத்தையே விலை கேட்டவனாச்சே! பெஸ்ஸி வீட்டுலேருந்து எதையோ துணியில சுத்தித் தூக்கிட்டுப் போனத நான் என் கண்ணால பாத்தேன்."

ஹில்டா ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். விற்றிருந்தால் விற்றிருக்கட்டும், கொடுத்த பொருள் அவளுடையது, கைமுடை எல்லாருக்கும் வருவதுதான் என்று மேட்டில் ஏறும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் சந்துப் பக்கத்து ஜன்னலின் தாழ்ப்பாளைப் போட்டாள். இத்தனை வருஷத்தில் அதைப் போட்டதே கிடையாது. அன்று மாலை எதிர்ப்பக்கமிருந்து ஜன்னலை இரண்டு தடவை தட்டும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போகவில்லை.

வெள்ளிக்கிழமை வேன் வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின வாரம் முழுவதும் மழை. இரண்டு வீடும் கையெட்டும் தூரத்தில் வாயைத் திறக்காமல் இருந்தன. சந்தில் எதிரே வந்தபோது ஹில்டா சுவரோடு ஒட்டி வழிவிட்டாள்; பெஸ்ஸி தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. பெஸ்ஸி நின்றிருந்தாள். தலையில் குல்லாய் இல்லை, முடி நனைந்திருந்தது.

"வா" என்றாள்.

"எங்க?"

"கேள்வி கேக்காம வாடி. மனசு மாறிடப் போகுது எனக்கு."

எதிர் வீட்டு மாடிக்குப் பெஸ்ஸி முன்னே ஏற, ஹில்டா பின்னே ஏறினாள். படிக்கட்டு கல்லுப் போல நின்றது. படுக்கையறை சின்னது, ஒரு கட்டில், ஒரு பீரோ, துணி போடும் நாற்காலி. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், படுத்தால் கண்ணுக்கு நேரே, படம் மாட்டியிருந்தது. விற்கவில்லை. ஹில்டாவுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷத்தில் நெஞ்சு நிறைந்தது. பிறகுதான் பார்த்தாள்.

மேசைமேல் இரண்டு கோப்பைகள் இருந்தன.

இரண்டாவது கோப்பை கெண்டிக்கு இடப்பக்கம், அந்தக் காலியிடத்தில், உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. மேசையைப் பக்கவாட்டில் பார்க்கும் படத்தில் அந்தக் கோப்பையை மட்டும் மேலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் வாய் திறந்திருந்தது. கைப்பிடி மனிதக் காது மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. நிழலே இல்லாததால் கோப்பை மெழுகுத்துணிக்கு ஒரு விரற்கடை மேலே அந்தரத்தில் மிதந்தது. படகுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட். தடித்துப் பளபளவென்று மின்னியது.

"யாரு பண்ணினது இது?" ஹில்டாவின் குரல் அவளுக்கே யாருடையதோ போல் இருந்தது.

"நான்தான்."

"நீயா?"

"அவர் தவறின வருஷம். படகை அண்ணன் மகனுக்குக் குடுக்கறதுக்கு முன்னால பெயின்ட் அடிச்சாங்க இல்ல, டப்பாவுல கொஞ்சம் மிச்சம் இருந்துது. வெள்ளையும் நீலமும். படகு நம்பர் எழுதற சின்னத் தூரிகையும் கெடந்துது." பெஸ்ஸி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "தெரியும்டி, அசிங்கமாத்தான் இருக்கு. மறுநாளே தெரிஞ்சு போச்சு. டர்பன்டைன் போட்டுத் துடைக்கலாம்னா, உன்னோடதும் சேந்து வந்துடுமோன்னு பயம். அதான் மேல தூக்கிட்டு வந்துட்டேன்."

"என்னக் கேட்டிருக்கலாமே, பெஸ்ஸி. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"எப்படிக் கேக்கறது? எடுத்து வச்சதே நீதானே."

"நான் எதை எடுத்து வச்சேன்?"

பெஸ்ஸி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில். உண்மையாகவே தெரியாதா என்று கேட்பது போலத்தான் இருந்தது.

"அவரோட கோப்பை அங்கதான் இருக்கும். தினமும் அங்கதான் வைப்பாரு. தூண்டிலுக்கு இரை குத்திக்கிட்டு அந்த மூலையில உக்காந்திருப்பாரே, கை நீட்டினா எட்டற எடம். நீ காலையில வந்ததும் அத எடுத்துத் தொட்டியில போட்டுட்டு உன் பெட்டியத் தொறப்ப. மறுநாளும் அவர் வைப்பாரு, நீ எடுப்ப. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவர்கூட ஒருநாள் சொன்னாரு, 'நம்ம வீட்டுப் படத்துல நமக்கே எடம் இல்லடி பெஸ்ஸி'ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு, தப்பா நெனைக்கல. எனக்கும் அப்ப ஒண்ணும் தோணல. அவர் போனதுக்கப்புறம் காலையில கீழ எறங்கி வந்தா, மேசையில ஒரு கோப்பை. சுவத்துலயும் ஒரு கோப்பை. அவர் இருக்கும்போதே நீ ஒத்தை ஆளுக்கு மேசை போட்டு வச்சிருந்தியே. அத என்னால பாக்க முடியல."

ஹில்டா கீழே இறங்கி, சந்தைக் கடந்து தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதலில் வந்தது கோபம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு குளிர்காலத்து உழைப்பு, தன் கையிலிருந்து அதுவரை வந்ததிலேயே நல்லது, அதன் நடுவில் படகுப் பெயின்ட்டை அப்பியிருக்கிறாள். ஹில்டா அறைக்குள் முன்னும் பின்னும் நடந்தாள். கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய், அது வற்றிக் கருகிய வாசனை வந்த பிறகு ஓடினாள்.

கோபம் அடங்கியதும், நினைவு மெல்ல மெல்ல வந்தது. ஒரு பெரிய பழுப்பு நிறக் கோப்பை, விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. உள்ளே டீக்கறை. ஆமாம், அதை எடுத்துத் தொட்டியில் போட்டிருக்கிறாள். அன்றாடம் குப்பையை ஓரமாக ஒதுக்குவதுபோல், யோசிக்காமல் செய்திருக்கிறாள். அதன் விளிம்பில் பெயர்ந்திருந்த சில்லுகூட இப்போது ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கோப்பைக்குரிய மனிதனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். தாடி இருந்ததா? கம்பளிச் சட்டை நீலம், அது ஊர் மீனவர் எல்லாரும் போடுவது. குரல் ஞாபகம் வந்தது. கைகள் ஞாபகம் வந்தன. மட்டியை ஓட்டிலிருந்து பிரித்துத் தூண்டில் முள்ளில் குத்தும் வேகம். முகம் வரவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்த மனிதன்.

அவள் மேசையில் புதிய படத்துக்காக அடுக்கி வைத்திருந்த பேரிக்காய்கள் அப்படியே இருந்தன. அன்றும் மறுநாளும் தூரிகையைத் தொடவில்லை. புதன்கிழமை மாலையில், ஜன்னல் தாழ்ப்பாளை மட்டும் எடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வேன் மேட்டுச் சாலையிலேயே நின்றுகொண்டது. சந்துக்குள் அது வராது. ஹால்டேனும் சாமான் தூக்கும் ஆட்கள் இருவரும் நடந்து வந்து படங்களைப் போர்வையில் சுற்றித் தூக்கிப் போனார்கள். எல்லாம் போன பிறகு, "எதிர் வீட்டுப் படம்?" என்று ஹால்டேன் கேட்டார்.

ஹில்டா வாயைத் திறப்பதற்குள், பெஸ்ஸியே அதைக் கீழே கொண்டுவந்து அடுக்களை மேசைமேல் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, இவர்களைக் கூப்பிட்டாள். ஹால்டேன் அதன் முன்னால் நின்றார். முகத்தில் முதலில் வந்த வெளிச்சம் அப்படியே குழம்பிப் போயிற்று. குனிந்து, மூக்கு படத்தில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"இது... வேற கை மாதிரி இருக்கே."

"என் கைதாங்க" என்றாள் பெஸ்ஸி. "எனாமல் பெயின்ட்."

"ஓ." அவர் மரியாதையாக இருமினார். "பரவால்ல, ஒண்ணும் ஆயிடல. எங்ககிட்ட பழைய படமெல்லாம் சுத்தம் பண்ற ஒருத்தர் இருக்காரு, பிரமாதமான வேலைக்காரர். இத மட்டும் அலுங்காம உரிச்சு எடுத்துருவாரு. அடியில இருக்கறது அப்படியே புதுசு மாதிரி வந்துரும்."

"அப்ப எடுத்துடச் சொல்லுங்க" என்றாள் பெஸ்ஸி. ஏப்ரன் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "அவ படம். நான் கை வச்சிருக்கக் கூடாது."

ஹில்டா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் பார்த்தபோது கோணல் மட்டும்தான் கண்ணில் பட்டது. இப்போது அடுக்களை வெளிச்சத்தில், எந்த மேசையைப் பார்த்து வரைந்தாளோ அதே மேசைமேல், கோப்பை இருந்த இடம் கண்ணில் பட்டது. பெஸ்ஸி அதைக் கண்ட இடத்தில் வைத்துவிடவில்லை. மூலை நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டு வந்தால் எங்கே எட்டுமோ, சரியாக அங்கே வைத்திருந்தாள்.

"வேண்டாம்" என்றாள் ஹில்டா. "எடுக்க வேண்டாம்."

"மிஸ் லோமாக்ஸ், கொஞ்சம் யோசிங்க. இப்படியே மாட்டினா—"

"இப்படியே மாட்டப் போறதில்ல. நீங்களும் உங்க ஆளுங்களும் போயி சாப்பிட்டுட்டு வாங்க. துறைப் பக்கம் இருக்கற கடையில இன்னிக்கு மீன் வறுவல் நல்லாருக்கும். திரும்பி வரும்போது தயாரா இருக்கும்."

ஹால்டேன் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹில்டா வண்ணப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். "அந்தக் கோப்பை இருக்கா?" என்று கேட்டாள்.

பெஸ்ஸி அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து எடுத்து வந்தாள். தூசி இல்லை, அவ்வப்போது கழுவி வைத்திருக்கிறாள் போல. பழுப்புக் கோப்பை, விளிம்பில் சில்லு.

"பழுப்புல பெயின்ட் இல்லடி என்கிட்ட" என்றாள் பெஸ்ஸி. "அதான் உன்னோடது மாதிரியே வெள்ளையில போட்டுட்டேன்."

"எங்க வைப்பாருன்னு காட்டு."

பெஸ்ஸி மேசைமேல் வைத்தாள். தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி, கைப்பிடியை மூலை நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்தாள். ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுந்து மறுபக்கத்தில் ஒரு நிழலை நீட்டியது. சாம்பலும் ஊதாவும் கலந்த நிழல், கோப்பையின் காலடியில் அடர்ந்து, போகப் போக வெளுத்து மெழுகுத்துணியில் கரைந்தது. ஹில்டா அதைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்ணப் பலகையில் துளித் துளியாக எடுத்து, டர்பன்டைன் நிறையக் கலந்து, மெல்லிசாகக் குழைத்தாள்.

"என்னடி பண்ணப் போற?"

"கீழ இறக்கி வைக்கப் போறேன். எவ்வளவு நாளா அந்தரத்துலயே நிக்க வச்சிருக்க அந்த மனுஷன."

பெஸ்ஸி சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, ஏப்ரனால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கெட்டிலை அடுப்பில் வைக்கத் திரும்பிவிட்டாள்.

வேலை அதிக நேரம் பிடிக்கவில்லை. கோப்பைக்கு அடியில் ஒரு கீற்று, பக்கத்தில் நீண்டு போகும் ஒரு பட்டை, கெண்டியின் வயிற்றில் கோப்பையின் சாயல் படுவதாக வெள்ளையில் ஒரு தொடல். மிதந்துகொண்டிருந்தது மேசையில் உட்கார்ந்தது. வாய் கோணல்தான், கைப்பிடி காதுதான். ஆனால் கனம் வந்துவிட்டது, தூக்கினால் கையில் தெரியும் என்பதுபோல.

பெஸ்ஸி தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "அப்படியே அந்த வாயையும் கொஞ்சம் நேராக்கி விடேன். ஊரு பூரா பாக்கப் போகுது."

"அது உன் கை. நான் தொடமாட்டேன்."

"ரொம்பத்தான் பிகு பண்ற."

"பண்ணுவேன். டீயக் குடு."

ஹால்டேன் திரும்பி வந்து பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. நெடுநேரம் நின்றார். கடைசியில், "ஈரமா இருக்கே, எப்படிக் கொண்டுபோறது?" என்று மட்டும் கேட்டார். மேலே போர்வை படாமல், மடியில் வைத்துக்கொண்டு போகச் சொல்லிப் பெஸ்ஸி அந்த வேன் ஆட்களில் இளையவனிடம் கொடுத்தாள். மேட்டுச் சாலை வரைக்கும் கூடவே நடந்து, "குலுக்காதப்பா, அடுப்புல இருக்கற பால் மாதிரி பாத்துக்கோ" என்று வேன் கிளம்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நவம்பரில் இருவரும் லீட்ஸுக்குப் போனார்கள். பெஸ்ஸி கோயிலுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். கலைக்கூடத்தில் நல்ல கூட்டம். கதவுக்கு எதிர்ச் சுவரில் அந்தப் படம் மட்டும் தனியாகத் தொங்கியது. கீழே அட்டையில் 'பெஸ்ஸியின் அடுக்களை' என்று எழுதியிருந்தது. உள்ளே வந்தவர்கள் அதன் முன்னால் நிற்கத்தான் செய்தார்கள். சிலர் உடனே நகர்ந்தார்கள், சிலர் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். பெஸ்ஸி எதிரே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தவள், அங்கிருந்து அசையவே இல்லை.

இறகுத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் கூட வந்தவரிடம் சொன்னாள்: "எல்லாம் அழகா இருக்கு, இந்தக் கோப்பை மட்டும் ஏன் இப்படி இருக்கு? சின்னப் புள்ள வரைஞ்ச மாதிரி."

"நான் வரைஞ்சதுங்க" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல். "எனக்கு அறுபது வயசு ஆகப் போகுது."

அந்த அம்மாள் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். "அடடா, நீங்க ஒண்ணும் பொய் சொல்லலியே. வாய் கோணல்தான். ஆனா பாருங்க, எடம் சரி" என்று பெஸ்ஸி அவளைத் தேற்றி, பக்கத்தில் உட்காரவைத்து, ஐசக் அந்த மூலையில் எப்படி உட்காருவான் என்று விளக்க ஆரம்பித்துவிட்டாள். தூரத்தில் யாரோ ஒரு பெரிய மனிதரிடம் பேசிக்கொண்டிருந்த ஹில்டாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

மறுநாள் மதிய ரயிலில் ஊர் திரும்பினார்கள். பெட்டியில் இவர்கள் இருவர்தான். பெஸ்ஸி காகிதத்தைப் பிரித்து, பன்றி இறைச்சி வைத்த ரொட்டியை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தாள். வெளியே அறுவடை முடிந்த வயல்கள் ஈரமாக ஓடிக்கொண்டிருந்தன.

"பெஸ்ஸி" என்றாள் ஹில்டா. "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கவே வெக்கமா இருக்கு."

"கேளு."

"ஐசக் பாக்க எப்படி இருப்பாரு?"

பெஸ்ஸி மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் ஹில்டா நினைத்தாள். திட்டவில்லை. மடியில் விழுந்த ரொட்டித் தூளைத் தட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"மூக்கு கொஞ்சம் பெருசு. அதத்தான் முதல்ல பாத்தேன், கோயில்ல, எனக்கு அப்ப பதினேழு வயசு. எங்கக்காகிட்ட சொன்னேன், இந்தப் பையன் மூக்கு முன்னால வருது, ஆள் பின்னால வர்றான்னு. தாடி கெடையாது. வச்சுப் பாத்தாரு ஒரு தடவ, அரிக்குதுன்னு எடுத்துட்டாரு. கண்ணு..." அவள் யோசித்தாள். "கண்ணு என்ன நெறம்னு கேட்டா சொல்லத் தெரியலடி. மப்பு போட்ட அன்னிக்கு ஒரு மாதிரி, வெயில் அடிச்சா ஒரு மாதிரி. இடது காது மட்டும் கொஞ்சம் மடங்கி இருக்கும்..."

ஹில்டா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ரயில் விட்பி வந்து நிற்கும்வரை பெஸ்ஸி பேசினாள். இறங்கி, பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோதும் பேசினாள்.